காரைக்குடிப் பழம்பொருள் தெருவும் என் மாசிப்பட்டத் தோட்டமும்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பற்றி இதுவரை நான் படித்தவை எல்லாம் வரவேற்பறைக்குப் பொருள் தேடுகிறவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப்படம், ஊஞ்சல் பலகை என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போகும். நான் அங்கே போனது மொட்டைமாடியில் வெண்டையும் கீரையும் பீர்க்கும் வளர்ப்பதற்காக. மாசிப்பட்டத்துக்கு விதை ஊன்றுவதற்கு முன்பாக, தை மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மதுரையிலிருந்து பேருந்தில் கிளம்பிப் போய், ஏழு வகைப் பொருள்களை மொத்தம் 4,540 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். வாங்கிய கையோடு எழுதினால் ஆசைதான் பேசும் என்பதால், வைகாசி முடியும் வரை அவற்றை மண்ணிலும் தண்ணீரிலும் அக்னி நட்சத்திர வெயிலிலும் புழங்கிப் பார்த்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

தெருவைத் தேடி அலைய வேண்டியதில்லை. பேருந்து நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் பழைய சாமான் கடைத் தெரு என்று சொன்னதுமே வண்டியைத் திருப்பிவிட்டார். இவ்வளவு பொருள் ஒரே ஊரில் எப்படிக் குவிந்தது என்பது செட்டிநாட்டை அறிந்தவர்களுக்குப் புதிராக இருக்காது. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வணிகம் செய்த நகரத்தார் குடும்பங்கள் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த பாத்திரங்களை எண்ணிக்கையில் கொடுத்தன. அவற்றைப் பரப்பி வைத்துக் காட்டுவதே ஒரு சடங்காக இருந்தது. அப்படி வந்தவற்றில் பாதிக்கு மேல் அடுப்பைப் பார்க்காமலேயே சாமான் அறைக்குள் போயின. 1942-இல் ஜப்பான் பர்மாவைக் கைப்பற்றியதோடு பல குடும்பங்களின் வருவாய் அடியோடு ஆட்டம் கண்டது. பிறகு பங்காளிகள் பெருகி, பெரிய வீடுகளைப் பராமரிக்க இயலாமல் சில வீடுகள் இடிக்கப்பட்டபோது, தூண்களோடு சேர்ந்து அந்தச் சாமான் அறைகளும் தெருவுக்கு வந்தன. ஒரே மாதிரியான எனாமல் தட்டு முப்பதும் நாற்பதும் ஒரே கடையில் அடுக்கியிருப்பதற்கு இதுதான் காரணம்.

சேகரிப்பவர்கள் எதை ஒதுக்குகிறார்களோ அதுதான் தோட்டக்காரருக்கு வேண்டியது என்பதைத் தெருவில் முதல் அரைமணி நேரத்திலேயே கண்டுகொண்டேன். அடியில் ஓட்டை விழுந்த பாத்திரத்தைச் சேகரிப்பவர் கையில்கூட எடுப்பதில்லை. எனக்கோ அந்த ஓட்டை இல்லையென்றால் நானே துளையிட வேண்டும். விளிம்பு சிதைந்த எனாமல், மூடி உடைந்த ஜாடி, பிடி கழன்ற களைக்கொத்து ஆகியவற்றை எந்தக் கடையும் முகப்பில் வைப்பதில்லை. அவை கொல்லைப்புறத்தில், மழைக்கும் வெயிலுக்கும் கிடக்கும் குவியலில் இருக்கின்றன. ஆகவே கடையின் முன்பகுதியில் நேரத்தைச் செலவிடாமல், பின்னால் போய்ப் பார்க்கலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. நான் ஏறி இறங்கிய ஐந்து கடைகளில் இரண்டில் தயங்கினார்கள், மூன்றில் அனுமதித்தார்கள். அதிகம் வாங்கிய கடையின் உரிமையாளர், நான் ஓட்டைப் பாத்திரமாகப் பொறுக்குவதைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, பழைய இரும்புக்கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். பள்ளி ஆசிரியை என்றதும் விலை கொஞ்சம் இறங்கியது. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

விலைச்சீட்டு எந்தப் பொருளிலும் இல்லை. கேட்கும் விலை ஆளைப் பொறுத்து மாறுகிறது என்பதையும் மறைக்க முடியாது. எனக்கு முன்னால் நின்ற வெளியூர்க்காரர் ஒருவருக்குச் சொல்லப்பட்ட விலைக்கும், அதே வகைத் தட்டுக்கு எனக்குச் சொல்லப்பட்ட விலைக்கும் ஏறத்தாழ இருமடங்கு வேறுபாடு இருந்தது. வயது சொல்வதில் தாராளம் இன்னும் அதிகம். கையில் எடுத்த எல்லாவற்றுக்கும் நூற்றைம்பது வயது என்றார் ஒரு கடைக்காரர். நூறு ஆண்டுகளைக் கடந்த கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும் என்பதும், அவற்றை விற்பதற்கு உரிமம் வேண்டும் என்பதும், தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது என்பதும் நினைவுக்கு வந்தபோது, பொருளைப் புகழ்வதாக எண்ணி இவர் தனக்கே வம்பை விலைக்கு வாங்குகிறாரே என்று தோன்றியது. எனக்கு வேண்டியிருந்தவை எல்லாம் அன்றாடப் புழக்கச் சாமான்கள். அவற்றின் வயது எழுபதா நூறா என்பது வெண்டைச்செடிக்குத் தெரியப்போவதில்லை.

வாங்கியவற்றுள் முதலிடம் பூவாளிக்கு. துத்தநாகம் பூசிய தகரத்தில் செய்தது. கழுத்து நீண்டு, தலையில் பித்தளைச் சல்லடை வைத்தது. 900 ரூபாய் என்று தொடங்கி 650-க்கு இறங்கினார். அடித்தகட்டில் 2 என்று ஓர் எண் பொறிக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் அதை மாடல் எண் என்று விளக்கினார். வீட்டுக்கு வந்து லிட்டர் குவளையால் அளந்து ஊற்றியபோது ஒன்பது லிட்டரைத் தொட்டதும்தான், அது பழைய ஆங்கிலேய அளவில் இரண்டு காலன் என்று புரிந்தது. மெட்ரிக் அளவுக்கு வழிவகுத்த எடை அளவுச் சட்டம் 1956-இல் வந்தது என்பதால், இந்தப் பூவாளி அந்தக் காலத்துக்கு முன்போ, பழைய அச்சை விட மனமில்லாத பட்டறை ஒன்றில் சற்றுப் பின்போ பிறந்திருக்கலாம்.

இதன் சிறப்பு சல்லடைத் தலையில் இருக்கிறது. இப்போது கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பூவாளிகளின் துளைகள் பெரியவை. கத்தரி நாற்றுப் பாத்தியில் ஊற்றினால் விதையோடு மண்ணும் ஓரமாக ஓடிவிடும். இந்தப் பித்தளைச் சல்லடையின் துளைகள் ஊசிமுனை அளவு. அதை வானத்தைப் பார்க்கும்படி திருப்பி வைத்து ஊற்றும்போது தண்ணீர் முதலில் மேலெழுந்து, பிறகு வளைந்து தூறலாக இறங்குகிறது. தூவிய மறுநாள் ஒரு விதைகூட இடம் மாறவில்லை. எல்லாத் துளைகளிலும் பழைய உப்புப் படிவு அடைத்திருந்ததால், சல்லடையை மட்டும் கழற்றிப் புளித்தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்துத் துடைக்க வேண்டியிருந்தது. மூக்கு உடலோடு சேரும் இடத்தில் கசிவும் இருந்தது. தெருமுனைப் பட்டறையில் 60 ரூபாய் கொடுத்துப் பற்றவைத்தேன்.

பூவாளியில் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும். நிறையத் தண்ணீர் பிடித்தால் ஒன்பது கிலோவுக்கு மேல் கனக்கும். மாடிப்படியில் தூக்கிப்போவது என் வயதுக்கு நல்லதில்லை, பாதி நிரப்பித்தான் தூக்குகிறேன். மற்றது, துத்தநாகம் அமிலத்தைத் தாங்காது. செடிக்கு ஊட்டமாக ஊற்றும் புளித்த மோர்க் கரைசலையோ மீன் அமிலத்தையோ பஞ்சகவ்யத்தையோ இதில் கலக்கினால் பூச்சு கரைந்து, அது செடிக்கும் போகும், பூவாளியும் விரைவில் துருப்பிடிக்கும். பழைய பற்றவைப்பில் காரீயம் இருக்கக்கூடும் என்பதால் தண்ணீரை நிறைத்து நாள் கணக்கில் வைப்பதும் கூடாது. ஊற்றி முடித்ததும் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். கரைசல்களுக்கு ஒரு பிளாஸ்டிக் பூவாளி இன்னும் தேவைப்படுகிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது, கல்யாண வீட்டில் பலகாரம் பொரித்திருக்கக்கூடிய பெரிய இருப்புச்சட்டி. குறுக்களவு இரண்டடி, நடுவில் ஆழம் முக்கால் அடி, இருபுறமும் ரிவெட் அடித்த வளையங்கள், அடியில் ஒரு ரூபாய் நாணயம் போகிற அளவுக்குத் துருவரித்த ஓட்டை. விலை 700 ரூபாய். நல்ல நிலையில் இருந்த இதன் ஜோடிக்கு 2,800 கேட்டார்கள் என்பதிலிருந்து ஓட்டையின் மதிப்பு எவ்வளவு என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். இரும்புத் துருவால் செடிக்குத் தீங்கில்லை. பூச்சோ சாயமோ இல்லாத வெறும் இரும்பு என்பதால் உண்ணும் கீரைக்கு இதைவிடக் கவலையற்ற பழம்பாத்திரம் கிடையாது. ஓட்டையின் மேல் ஓட்டுத்துண்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் மண்கலவையை நிரப்பிச் சிறுகீரை தூவினேன். மாசி மாதத்தில் இருபத்தைந்தாம் நாள் அறுத்த முதல் அறுவடை, ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு இரண்டு வேளைக்குக் கூட்டாக வந்தது.

பங்குனியில்தான் சட்டி தன் குணத்தைக் காட்டியது. இரும்பு வெயிலை அப்படியே வாங்கி மண்ணுக்குள் செலுத்திவிடுகிறது. பகல் இரண்டு மணிக்கு விளிம்பில் கை வைக்க முடியவில்லை. இரண்டாம் முறை தூவிய கீரை நடுவில் தழைத்து, ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாகக் கருகியது. சட்டியை இடம் மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அத்தை, அதாவது என் மாமியார், கீழே இருந்து பத்துத் தேங்காய் மட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். மண்ணை எடுத்துவிட்டு, மட்டைகளை நார்ப்பக்கம் உள்ளே பார்க்கும்படி சட்டியின் சுவரை ஒட்டி அடுக்கி, மீண்டும் மண்ணை நிரப்பினோம். மட்டை தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்வதால் ஓரம் காய்வதில்லை. இரும்பின் சூடும் வேருக்கு நேராகப் போவதில்லை. ஐம்பது விழுக்காடு நிழல்வலைக்கு அடியில், மட்டை அணைத்த சட்டியில், சித்திரையிலும் தண்டுக்கீரை வந்தது. இதை வாங்குகிறவர்கள் முதல் நாளிலேயே மட்டையை அடுக்கிவிட வேண்டும் என்பது என் பரிந்துரை.

எனாமல் பேசின்கள் இரண்டு, தலைக்கு 250 ரூபாய். செட்டிநாட்டு எனாமல் என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வந்தது. தட்டைத் திருப்பிப் பார்த்தால் சுவீடன், ஜப்பான், செக்கோஸ்லோவாக்கியா என்று முத்திரை இருக்கும். வயது பற்றிக் கடைக்காரர் சொல்வதைக் காட்டிலும் முத்திரை சொல்வதை நம்பலாம். செக்கோஸ்லோவாக்கியா என்ற நாடு 1918-இல் தோன்றி 1992-இன் முடிவோடு மறைந்தது என்பதால், அந்தப் பெயரைத் தாங்கிய தட்டுக்கு நூற்றைம்பது வயது இருக்க வழியில்லை. ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது என்ற முத்திரை, இரண்டாம் உலகப்போருக்குப் பின் 1952 வரையிலான சில ஆண்டுகளுக்குள் பொருளைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். என் பேசின்களில் முத்திரை தேய்ந்துபோய், நீல வட்டம் மட்டும் எஞ்சியிருந்தது. வெள்ளை உடல், நீல விளிம்பு.

நிறத்தை வேண்டுமென்றே அப்படித் தேர்ந்தெடுத்தேன். எனாமல் என்பது ஏறத்தாழ 800 பாகை வெப்பத்தில் இரும்பின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடிதான், அதில் குற்றமில்லை. பழைய சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எனாமல்களில் நிறத்துக்காகக் காட்மியம் என்ற நச்சு உலோகம் சேர்ந்திருக்கலாம், சில பூச்சுகளில் காரீயமும் இருக்கலாம். சிதைந்த இடத்திலிருந்து செதில் உதிரும் பாத்திரத்தில் சமைக்கவோ கீரை வளர்க்கவோ நான் தயாராக இல்லை. அந்தக் கடையில் மஞ்சள் பூப்போட்ட பேசின் ஒன்று உண்மையிலேயே கண்ணைப் பறித்தது. சுவரில் மாட்டுகிறவர்கள் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். வாங்கிய வெள்ளைப் பேசின்களில் அடி ஓட்டையானது பால்சம் செடிக்குப் போனது. வெள்ளை நிறம் வெயிலை அவ்வளவாக வாங்காததால் இரும்புச் சட்டியின் தொல்லை இதில் இல்லை. ஓட்டையில்லாத மற்றொன்றில் மண் கலக்குகிறேன். துளை போடலாம் என்று எண்ணுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆணியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடிப்பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்துவிடும். ஓட்டையானதையே தேடி எடுப்பதுதான் எளிது.

படி என்று நாம் சொல்லும் முகத்தல் அளவை 600 ரூபாய்க்குக் கிடைத்தது. இரும்பில் செய்து, வாயிலும் அடியிலும் பித்தளைப் பட்டை கட்டியது. பட்டையின்மேல் அந்தக் கால அளவைச் சோதனைக்காரர்கள் அடித்த முத்திரைகள் வரிசையாக இருக்கின்றன. தோட்டத்துக்கு இது கட்டாயமில்லை, ஒரு பழைய டப்பா போதும் என்று என் கணவர் சொன்னதை மறுக்க என்னிடம் காரணம் இல்லை. ஆனாலும் செம்மண் இரண்டு படி, மண்புழு உரம் ஒரு படி, தேங்காய்நார்க் கழிவு ஒரு படி, வேப்பம்புண்ணாக்கு ஓர் ஆழாக்கு என்று அளந்து கொட்டும்போது கலவை ஒரே சீராக வருகிறது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்ற வாய்ப்பாட்டை என் பேரன் இதில்தான் கற்றான். ஊருக்கு ஊர் படியின் அளவு மாறும் என்பதால், இதை வைத்துக்கொண்டு சமையல் குறிப்பு பார்க்க முயல வேண்டாம். என் படி ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே கொள்கிறது.

பீங்கான் ஊறுகாய் ஜாடியை 450 ரூபாய்க்கு வாங்கியது விதைக்காக. பழுப்பும் வெள்ளையுமான மெருகு, மூடியில் ஒரு துண்டு உடைந்திருந்தது. பழைய மெருகில் என்ன சேர்ந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாததால் ஊறுகாயை அதில் போடத் துணியமாட்டேன். புளிப்பும் உப்பும் மெருகோடு ஆறு மாதம் உறவாடக் கூடாது. உலர்ந்த விதைக்கு அந்தக் கவலை இல்லை. வெண்டை, சுரை, பீர்க்கு விதைகளைத் தனித்தனித் துணி முடிச்சாகக் கட்டி, நடுநடுவே காய்ந்த வேப்பிலையும் சாம்பலும் தூவி, வாயைத் துணியால் வேடுகட்டி அதன்மேல் உடைந்த மூடியைக் கவிழ்த்திருக்கிறோம். கனத்த சுவரும் உள்ளிருளும் விதைக்கு ஏற்றவை. சென்ற ஆண்டு பாலித்தீன் பையில் வைத்த சுரை விதையில் வண்டு விழுந்தது. இந்த ஆண்டு ஜாடியிலிருந்து எடுத்து, ஓர் இரவு ஊறவைத்து மாசியில் ஊன்றிய வெண்டை விதை இருபதில் பதினேழு முளைத்தது. இதில் ஜாடியின் பங்கு எவ்வளவு, அத்தையின் வேப்பிலை பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். விதையைச் சாம்பலில் புரட்டியவர் அவர்.

களைக்கொத்துத் தலைகள் இரண்டு, ஒவ்வொன்றும் 120 ரூபாய். வாங்கியவற்றிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் உழைப்பவை இவைதான். கொல்லன் அடித்த இரும்பு, சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் கூர் ஏறுகிறது. தச்சரிடம் சொல்லி வேம்பில் பிடி போட்டுக்கொண்டேன். மேலே சொல்ல எதுவுமில்லை, வாங்குங்கள்.

ஏழாவது பொருளைப் பற்றித்தான் எனக்கு இரண்டு மனமாக இருக்கிறது. பழைய வீட்டுச் சன்னல் ஒன்றின் இரும்புக் கம்பிச் சட்டம், நாலரை அடி உயரம், நடுவில் வளைத்த பூவேலை, 1,400 ரூபாய். சுவரில் சாய்த்து நிறுத்தி அதன்மேல் பீர்க்கும் பாகலும் ஏற்றினால் பந்தலுக்குப் பந்தலாகவும், பார்வைக்குப் பார்வையாகவும் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அதில் மூன்று நான்கு அடுக்குப் பழைய பெயிண்ட் இருந்தது. பழைய பெயிண்டில் காரீயம் இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம். அதை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தால் தூள் மூச்சிலும் மண்ணிலும் போகும், குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது. நான் தேய்க்கவில்லை. உதிரும் செதில்களை ஈரத்துணியால் துடைத்தெடுத்து, மேலே புதிய பெயிண்ட் இரண்டு கை அடித்து, அதன் அடியில் கீரைத் தொட்டி எதையும் வைப்பதில்லை என்று வரையறுத்துக்கொண்டேன். அதன்பிறகும் இரும்புக்கம்பியின் சூட்டில் பீர்க்கின் பற்றுச்சுருள்கள் கருகின. கம்பி முழுவதும் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றிய பிறகுதான் கொடி பிடித்து ஏறியது. பூவேலை இப்போது கயிற்றுக்கும் இலைக்கும் உள்ளே மறைந்துவிட்டது. கயிறு சுற்றத்தான் வேண்டும் என்றால் நான்கு மூங்கில் கழி போதாதா என்று கேட்டால், போதும்.

அந்தச் சட்டம் வந்து சேர்ந்த விதமும் சுகமாக இல்லை. பேருந்தில் ஏற்ற முடியாத பொருள் என்பதால், அனுப்பும் பொறுப்பைக் கடையே ஏற்றுக்கொண்டு லாரி வாடகைக்கு 350 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டது. மூன்று நாளில் வரும் என்றது பதினொரு நாள் கழித்து வந்தது. சாக்கு சுற்றாமல் அனுப்பியதால் கீழ்க்கம்பி ஒன்று வளைந்திருந்தது. தொலைபேசியில் கேட்டபோது பழைய இரும்புதானே, தட்டினால் நிமிரும் என்று பதில் வந்தது. ரசீது கேட்டிருந்தேன், துண்டுத்தாளில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரிய பொருள் வாங்குகிறவர்கள் கட்டுவதைக் கூட நின்று பார்த்து, பொருளின் படத்தைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு, பொருள் வாரியாக எழுதிய ரசீதைக் கையில் வாங்கிய பிறகு பணம் கொடுப்பது நல்லது.

வேறொரு கடையில் ஏமாற இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இருந்த செம்புப் பூவாளி நல்ல பச்சைக் களிம்போடு அழகாகத் தெரிந்தது. கையில் எடுத்துப் பார்த்தால், களிம்பு மேடுபள்ளம் எல்லாவற்றிலும் ஒரே சீராக இருந்தது. கை படும் பிடியிலும் தேய்மானம் இல்லை, உட்புறம் பளபளத்தது. புதிதாகச் செய்து அமிலம் தடவிப் பழையதாக்கியது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பழைய பித்தளை, செம்புப் பாத்திரங்களில் தகட்டின் இரு விளிம்புகளையும் பல்பல்லாக வெட்டிக் கோத்துப் பற்றவைத்த இணைப்பு உடலில் ஓடும். விரலால் தடவினாலே அந்தப் பல்வரிசை தெரியும். இதில் ஒரே நேர்கோடாக வெல்டிங். கடைக்காரரிடம் சொன்னபோது மறுக்கவில்லை, புதியதற்கும் ஆள் இருக்கிறார்கள் என்று சிரித்தார்.

வாங்காமல் வந்தவற்றில் பித்தளைக்கு முதலிடம். நீர் பிடித்துவைக்கும் அண்டாக்களும் தவலைகளும் கடைக்குக் கடை அடுக்கியிருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் ஓட்டுச் சரிவிலிருந்து முற்றத்தில் கொட்டும் மழைநீரை இத்தகைய பாத்திரங்களில்தான் பிடித்தார்கள். அவற்றில் மண்ணை நிரப்பிச் செடி வைக்கும் பழக்கம் இப்போது பரவிவருகிறது. ஈரமும் உரத்தின் புளிப்பும் சேர்ந்தால் பித்தளை களிம்பேறும், செம்பு மண்ணில் இறங்கும், அளவு மிஞ்சினால் வேருக்கு அது நஞ்சு. எடைக்கு எடை விலைபோகும் நல்ல பாத்திரத்தை இப்படிப் பாழாக்குவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கல் தொட்டி வேறு வகையில் ஆசை காட்டியது. மாட்டுக்குக் கழுநீர் வைத்த தொட்டி, வெளியளவு இரண்டடி நீளமும் ஓரடிக்குச் சற்று மேல் அகலமும் இருக்கும். கல்லின் எடை மட்டும் ஏறத்தாழ 90 கிலோ, ஈர மண் சேர்ந்தால் 140-ஐத் தாண்டும் என்று கணக்கிட்டேன். தரைத்தோட்டம் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம், கோடையில் மண்ணை இதைவிடக் குளிர்ச்சியாக வைக்கும் பாத்திரத்தை நான் பார்த்ததில்லை. முப்பது ஆண்டு கண்ட என் மாடித்தளத்தின்மேல் அதை ஏற்றும் துணிவு எனக்கு இல்லை.

மதிப்பெண் என்று கேட்டால், தெருவுக்குப் பத்தில் ஏழு கொடுப்பேன். குவியலைக் கிளற விடும் பொறுமைக்கும் உடைந்ததை உடைந்தது என்று சொல்லி விற்கும் நேர்மைக்கும் அந்த ஏழு. விலைச்சீட்டு இல்லாததற்கும், வயதுக் கதைகளுக்கும், அனுப்பும் ஏற்பாட்டின் அலட்சியத்துக்கும் மூன்று குறைகிறது. நான் வாங்கியவற்றில் பூவாளி, இருப்புச்சட்டி, களைக்கொத்து, ஜாடி ஆகியவற்றை மறுபடியும் வாங்குவேன். படி ஆசைக்கு. சன்னல் சட்டம் வேண்டாம்.

ஆடிப்பட்டம் வருவதற்குள் இன்னும் இரண்டு இருப்புச்சட்டி வேண்டும் என்று சென்ற வாரம் அந்தக் கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன். நல்ல சட்டியாக நான்கு இருக்கிறது என்றார். நல்லது வேண்டாம் என்றதும் சிரித்துவிட்டு, "ஓட்டையா வந்தா உங்களுக்குன்னு எடுத்து வைக்கிறேன் டீச்சர்" என்றார்.